வெற்றிலை வைத்து அழைத்த மாநாடு

என் கையால் இரண்டு கல்யாணம், ஒரு கிரகப்பிரவேசம், பேத்திக்குக் காதுகுத்து எல்லாம் நடத்தியிருக்கிறேன். சாப்பாடு பற்றவில்லை என்றோ, வாசலில் வா என்று சொல்ல ஆளில்லை என்றோ ஒருத்தரும் வாய் திறந்தது கிடையாது. அம்பத்தூரில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அதற்கெல்லாம் மேலே ஒரு மாநாடும் நடத்தினேன். நோட்டீஸில் என் மருமகள் பேர்தான் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அழைத்தது நான்.

எனக்கு மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. பஸ் போர்டு படிப்பேன், கல்யாணப் பத்திரிகை படிப்பேன், பேப்பரில் பெரிய எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை. மகனுக்குப் பெண் பார்த்தபோது, திருநெல்வேலிப் பெண், கல்லூரியில் நூலகர் என்றார்கள். "லைப்ரரியில இருக்கிற பொண்ணுன்னா ஊட்ல சத்தம் குறையும்மா" என்றான் மகன். எங்கள் வீட்டில் சத்தம் போடுகிறவள் நான் ஒருத்திதான். அவன் சொன்னது யாரை என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அவள் வேலை வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில். நூலகம் தனிக் கட்டடம். கீழே புத்தகம் எடுத்துக்கொண்டு போகிற இடம், மாடியில் உட்கார்ந்து படிக்கிற அறை. கல்யாணமான புதிதில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மாடியைக் காட்டினாள். நீள நீளமான மேசைகள், சுவரோரம் அலமாரி அலமாரியாகப் புத்தகம். ஜன்னலோரம் பாட்டில்களில் மணிபிளான்ட். கீழே நெடுஞ்சாலையில் லாரி போவது தெரியும், சத்தம் மட்டும் வராது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு நாற்காலியையும் அவள் கேட்டுக் கேட்டு வாங்கிப் போட்டது. எங்கள் வீட்டில் அவளுக்கென்று முழுசாக ஓர் அலமாரி கிடையாது. பாதியில் என் புடவைகள். அந்த மாடிதான் அவளுக்கு அவள் இடம் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் வந்தவள், பையை வைத்துவிட்டு காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, மாநாட்டை எங்க காலேஜுக்கே குடுத்துட்டாங்க."

"இன்னா மாநாடு? கட்சி மாநாடா?"

"காலேஜ் லைப்ரரியன் எல்லாரும் கூடுற மாநாடு அத்தை. வருசத்துக்கு ஒரு காலேஜ்ல நடக்கும். நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்லா, கிடைச்சிட்டு."

"நல்ல சேதிதானே. மூஞ்சி ஏன் அப்படி கீது?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மாடி அறைக்குப் பிள்ளைகள் யாரும் வருவதில்லை, அதைப் படிப்பு முடிக்கிறவர்களுக்கு வேலை தேடித் தருகிற ஆபீஸுக்குக் கொடுத்துவிடலாம் என்று கல்லூரியில் பேச்சாம். இவள் பிரின்சிபாலிடம் போய்க் கெஞ்சியிருக்கிறாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் லைப்ரரி என்றால் இந்தக் காலத்தில் ஆளே வராதும்மா என்கிறார். உங்கள் லைப்ரரியன் மாநாட்டுக்காவது ஆள் வருகிறதா பார்ப்போம், ஆடிட்டோரியம் நிரம்பினால் மாடி உங்களுக்கு என்று சொல்லிவிட்டாராம்.

"ரொம்பாதா?" என்றேன்.

"போன வருசம் நடந்த இடத்துல முன்வரிசையே நிறையலை அத்தை."

மறுநாளிலிருந்து அவள் மெயில் அனுப்ப ஆரம்பித்தாள். ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் லேப்டாப்பைத் திறந்துவிடுவாள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று நானும் விடாமல் கேட்பேன். பதில் வரவில்லை என்பாள். ஒரு நாள் முகம் கொஞ்சம் தெளிந்து, "குரூப்ல நிறைய பேர் கட்டை விரல் போட்டிருக்காங்க அத்தை" என்றாள்.

"கட்டை விரல் வந்து சேர்ல குந்துமா?"

"வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"உன் கண்ணாலத்துக்கு உங்கப்பா எங்க சனத்துக்கு மெயிலா போட்டாரு? திருநெல்வேலில ரயில் ஏறி வந்து, ஊடு ஊடா படியேறி, தட்டுல வெத்தல பாக்கு வெச்சு கூப்டாரு. அதனாலதான் பஸ்ஸு பத்தாம வேன் புடிச்சி வந்தோம்."

"அத்தை, இது அகாடமிக் கான்ஃபரன்ஸ்."

"இருக்கட்டும். வர்றது மனுசங்கதானே."

என் மகன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னான்: "போய்ட்டு வா. அம்மா கூப்ட்டா வராம இருக்க முடியாது. வரலேன்னா வர்ற வரிக்கும் போய்க் கூப்டும்."

அழைப்பிதழ் அச்சாகி வந்தது. வெள்ளைத் தாள், நீல எழுத்து, பார்க்க வங்கிக் கடிதாசி மாதிரி இருந்தது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து எல்லாவற்றுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டேன். வந்து பார்த்தாள். ஈரம் காயட்டும் என்று மின்விசிறியைப் போட்டாள். சனிக்கிழமை காலையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழோடு கிளம்பினோம். தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன்.

"இன்னா ஆயா, தட்டு தாம்பாளமா கீது. யாருக்குக் கண்ணாலம்?"

"கண்ணாலம் இல்ல நைனா. மாநாடு."

"எந்தக் கட்சி?"

"புஸ்தகக் கட்சி. நீயும் வா. சேர் போடுவாங்க, குந்து."

"சோறு?"

"அதுவும் போடுவாங்க."

"அப்ப நானும் அந்தக் கட்சிதான் ஆயா."

முதலில் ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே நூலகர், ஓய்வு பெறுகிற வயசில் ஒரு மனிதர், தன் தலைக்கு மேலே மட்டும் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். தாம்பாளத்தைப் பார்த்ததும் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து, "ஆபீஸ் அந்தப் பக்கம்மா" என்றார்.

"உங்களத்தான் பாக்க வந்தோம்" என்றேன்.

அவர் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் எந்த விசேஷத்துக்கும் சொல்கிற மாதிரியே சொன்னேன்: "எங்க மருமக காலேஜ்ல விசேஷம். குடும்பத்தோட முன்னாடியே வந்து, கூட இருந்து நடத்திக் குடுக்கணும்."

அவர் வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எத்தனையோ வருஷமா இந்த சீட்ல இருக்கேம்மா. சர்க்குலர் வரும், நோட்டீஸ் வரும். வெத்தலை வெச்சு என்னை யாரும் கூப்பிட்டதில்லை" என்றார். அப்புறம் கேட் வரைக்கும் கூடவே வந்து ஆட்டோ ஏற்றிவிட்டார்.

என் மருமகள் இதையெல்லாம் கேட்டாளா என்றால், கேட்டிருக்க மாட்டாள். அந்த நேரம் அவள் அலமாரிப் பக்கம் போய்விட்டாள். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இதே கதைதான். நான் தட்டை நீட்டி அழைத்துக்கொண்டிருப்பேன். அவள் கண் அலமாரிக்குப் போகும். பின்னாலேயே கால் போகும். இடம் மாறி நிற்கிற ஒரு புத்தகத்தை உருவி, அது இருக்க வேண்டிய இடத்தில் சொருகுவாள். அடுத்தவர் வீட்டுக்குப் போய் அவர்கள் கொடியில் கிடக்கிற துணியை மடித்து வைப்பது மாதிரி இருக்கும் எனக்கு. அந்த வீட்டுக்காரருக்குக் கோபம் வர வேண்டாமா? வராது. "அய்யய்யோ, இது இங்க வந்துட்டுதா" என்று அவரும் ஓடிப் போய்க் கூட நின்று இன்னும் நாலைச் சரி பண்ணுவார். நூலகர் சாதியே இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பூந்தமல்லியில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே நூலகர் ஒரு முஸ்லிம் பெண், நல்ல சிரித்த முகம். டீயும் பிஸ்கட்டும் வரவழைத்து, அங்கேயே கணவருக்குப் போன் போட்டாள். "ஏங்க, வேலப்பன்சாவடில ஒரு விசேஷம். குடும்பத்தோட கூப்பிட்டிருக்காங்க. அன்னிக்கு எந்தக் கல்யாண ஆர்டரும் எடுக்காதீங்க." கணவர் பிரியாணி மாஸ்டராம். என் மருமகள் அப்போதும் அலமாரிப் பக்கம்தான் இருந்தாள்.

இப்படியே சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போனோம். திருவேற்காடு, திருநின்றவூர், போரூர் வரைக்கும் போனோம். போன இடத்திலெல்லாம் வார்த்தை மாறாமல் அதையேதான் சொன்னேன்.

மாநாட்டு நாள் நெருங்க நெருங்க வீட்டில் எனக்கும் அவளுக்கும் பேரம் நடந்தது. வாசலில் பெரிய கோலத்துக்கு ஒத்துக்கொண்டாள். பன்னீர், சந்தனம், கல்கண்டுக்கும் ஒத்துக்கொண்டாள். வருகிறவர்களுக்குப் பேனாவும் நோட்டும் போட்டுக் கொடுக்கச் சணல் பை வாங்கி வைத்திருந்தாள். பை என்று ஒன்று கொடுத்தால் அதில் தேங்காய் இல்லாமல் எப்படி என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டுச் சரி என்றாள். வாழைமரம் என்றதும் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டாள். "வாழைமரம் மட்டும் வேண்டாம் அத்தை. உங்க காலைத் தொட்டுக் கேக்கேன்." வாழைமரத்தை விட்டுக்கொடுத்தேன். எனக்கும் விட்டுக்கொடுக்கத் தெரியும்.

அன்று அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு, ஆடிட்டோரியம் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். பேர் பதிகிற மேசை எனக்குப் பின்னால்தான். என்னைத் தாண்டாமல் யாரும் மாநாட்டுக்குள் போக முடியாது.

முதலில் வந்தது ஆவடிக்காரர். ஜரிகைக்கரை வேட்டி, கையில் வர்ணத்தாள் சுற்றிய பெட்டி. பின்னாலேயே மனைவி, அம்மா, இரண்டு பெண்கள், ஒரு மாப்பிள்ளை. பெட்டியை என் கையில் கொடுத்து, "சுவர்க் கடிகாரம்மா, லைப்ரரியில மாட்டிக்கலாம்" என்றார். பன்னீர் தெளித்து உள்ளே அனுப்பினேன். அவருக்குப் பின்னால் திருநின்றவூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. கதவு திறந்தால் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். பட்டுப் பாவாடைப் பிள்ளைகள், கைக்குழந்தை, ஒரு மச்சான், மச்சானின் மாமியார். பூந்தமல்லிப் பெண் கணவர், மாமனார், நாத்தனாரோடு அத்தர் மணக்க வந்தாள். பன்னீர் தீர்ந்து செம்பில் தண்ணீரைக் கலந்தேன்.

என் மருமகள் என் கையைப் பிடித்துத் தூண் மறைவுக்கு இழுத்தாள்.

"அத்தை, இவங்கள்லாம் யாரு?"

"விருந்தாளிங்க."

"லைப்ரரியன் ஒருத்தர்தானே அத்தை. ஒவ்வொருத்தர் கூடவும் ஒரு ஊரே வருதே."

"குடும்பத்தோட வாங்கன்னு கூப்ட்டா ஒத்தையாவா வருவாங்க?"

"ஏன் அத்தை அப்படிக் கூப்பிட்டீங்க?"

"வேற எப்படிக் கூப்புடுறது? நீ மட்டும் வா, பொண்டாட்டிய ஊட்ல வுட்டுட்டு வான்னா?"

அவள் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். உடம்பு குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். அதைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. பேர் பதிகிற மேசையில் இருந்தவர்கள் எங்கள் இரண்டு பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்கள்.

ஆடிட்டோரியம் நிரம்பி, கேன்டீனிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். பிரின்சிபால் வந்தார். வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டு, முகமெல்லாம் மலர, முன்வரிசைக்குப் போய் ஒரு பெரியவருக்குக் கைகொடுத்தார்.

"வெல்கம் சார். நீங்க எந்தக் காலேஜ்?"

"நான் காலேஜ் இல்லீங்க. ரயில்வேல இருந்து ரிட்டையர்டு. மருமவன் லைப்ரரியன்."

அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். "மேடம் நீங்க?"

"நான் அவரு சம்சாரம்."

"சார் நீங்க?"

"நான் ஷேர் ஆட்டோங்க. ஆயா கூப்டுச்சி."

பிரின்சிபால் என் மருமகளிடம் வந்தார். அவருக்குச் சிரிப்பா கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. "ஆடிட்டோரியம் நிரம்பியிருக்கு மேடம், ஒத்துக்கறேன். ஆனா லைப்ரரியனால நிரம்பலையே. சாப்பாட்டுக்கு அப்புறம் வர்றேன். அப்ப எத்தனை பேர் இருக்காங்கன்னு பார்த்து மாடி விஷயத்தைச் சொல்றேன்."

அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. குத்துவிளக்கு ஏற்றி முடிந்ததும் என்னிடம் வந்து, "பேச்சு புரியாதவங்க, சின்னப் பிள்ளைங்கள்லாம் மாடி ரூம்ல போய் இருக்கட்டும் அத்தை. லைப்ரரியன் மட்டும் இங்க இருந்தாத்தான் அவருக்குக் கணக்குத் தெரியும்" என்றாள். குடும்பங்களை எல்லாம் நூலகக் கட்டடத்து மாடிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டு வந்தேன்.

அதற்குள் கேன்டீன்காரர் ஈரத்துண்டோடு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சாப்பாடு பற்றாது என்றார். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை ஒருத்தர் என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான். பின்னாலிருந்து அத்தர் வாசனை வந்தது. பூந்தமல்லிப் பெண்ணின் கணவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, அடுப்பு எங்க இருக்கு?"

"நீங்க விருந்தாளி பாய். நீங்க எதுக்கு?"

"கூட்டத்தப் பார்த்துட்டேன்மா. இனிமே கை சும்மா இருக்காது."

பூந்தமல்லிக்குப் போன் போட்டார். குட்டியானை வண்டியில் அரிசி, விறகு, பெரிய தேக்சாப் பாத்திரம், ஆள் எல்லாம் வந்து இறங்கியது. கேன்டீன் பின்னால் குஸ்கா கிண்டினார். "கறி போடலம்மா, யார் வேணாலும் சாப்பிடலாம்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். தம் போட்டுத் திறந்தபோது அந்த வாசனை ஆடிட்டோரியத்துக்குள் நுழைந்தது. மேடையில் யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் புத்தகம் வைப்பதைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார். அவரே இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் தள்ளிவிட்டார்.

சாப்பாடு ஆனது. ஒருத்தருக்கும் குறையில்லை. நூலகர்கள் எல்லாரும் ஒழுங்காக ஆடிட்டோரியத்தில் வந்து உட்கார்ந்தார்கள். என் மருமகள் மேடையில் ஒரு ஓரமாக இருந்தாள். அங்கிருந்தே என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

அப்போதுதான் ஆவடிக்காரரின் சின்னப் பெண் பின்பக்கமாக வந்து அவர் காதில் சொன்னாள். அடுத்த வரிசையில் இருந்த எனக்கும் கேட்டது. "அப்பா, மாடில அம்மா ஒரு சமையல் புக் எடுத்துப் படிச்சிது. எங்க இருந்து எடுத்துதுன்னு தெரியல. கிடைச்ச இடத்துல சொருவி வெச்சிடுச்சி. எல்லாரும் அப்படித்தான் வெக்கிறாங்க."

அவர் முகம் மாறிவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்த மாதிரி எழுந்தார். போகும்போது பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். அவர் அடுத்தவருக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் எழுந்தார். பாத்ரூம் போகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போனார். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் ஒரு வரிசை. பூந்தமல்லிப் பெண் என்னைத் தாண்டும்போது, "இதோ வந்துடறேன்மா" என்றாள். போன யாரும் திரும்பி வரவில்லை. மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் தாளில் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவர் நிமிர்ந்தபோது எதிரே இருந்தது நானும், குஸ்கா சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிற ஷேர் ஆட்டோக்காரனும்தான். பேசினவர் மெதுவாகத் தாளை மடித்தார்.

அந்த நேரம் பார்த்துப் பிரின்சிபால் உள்ளே வந்தார்.

"எங்க மேடம் எல்லாரும்?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் மருமகள் மைக் பக்கத்தில் நின்றுகொண்டு காலி நாற்காலிகளையே பார்த்தாள். நான் எழுந்து, "ஐயா, சாப்ட்டுட்டு ஓடிப்போற சனம் இல்ல இது. நான் கூப்ட்ட சனம். எங்கூட வாங்க" என்றேன். அவரும் வந்தார். அவளும் இறங்கி ஓடிவந்தாள்.

நூலகக் கட்டடத்து வாசலில் செருப்புக் குவியல். திருவிழாவுக்குக் கோயில் வாசலில் கிடக்கும் மாதிரி, கடைசிப் படி வரைக்கும் கிடந்தது. அதைத் தாண்டி மேலே ஏறினோம்.

அறை நிறைய ஆள். ஒரு நாற்காலி காலி இல்லை. பட்டுப் பாவாடைப் பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் பார்த்தன. ரயில்வே பெரியவர் எங்கோ பழைய பேப்பர் கட்டைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பாய் எதையோ விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கு நடுவில் நூலகர்கள், கை நிறையப் புத்தகத்தோடு, குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இது இங்கேயா அங்கேயா என்று அலமாரிக்கு அலமாரி வாக்குவாதம். காலையில் மேடையில் பேசின பேச்சைவிட அதில் சூடு அதிகம். ஆனால் எல்லாம் கிசுகிசு. அத்தனை பேர் இருந்தும் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

பிரின்சிபால் வாசலில் நின்று, "என்ன நடக்குது இங்க?" என்றார்.

முதுகைக் காட்டிக்கொண்டு புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த ஆவடிக்காரர் திரும்பாமலே, "ஷ்ஷ்" என்றார்.

பிரின்சிபால் வாயை மூடினார். குனிந்தார், ஷூவைக் கழற்றினார், கையில் எடுத்துக்கொண்டு நின்றார். உட்கார இடம் தேடினார். ஒரு பட்டுப் பாவாடைப் பிள்ளை படத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து, தரையில் இடம் விட்டது. அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு அங்கே உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். பிறகு என் மருமகளைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார்.

நான் கூட்டத்துக்குள் தள்ளப்பட்டு, அந்தக் கோடி ஜன்னலுக்குப் போய்விட்டிருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கை வாய்க்குப் போனது மட்டும் தெரிந்தது. அவள் பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னாள். அவர் அடுத்தவருக்குச் சொன்னார். அலமாரிக்கு அலமாரி, மேசைக்கு மேசை, அந்தச் சேதி தலையைக் குனிந்து குனிந்து வந்தது. கேட்ட ஒவ்வொரு முகமும் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. கடைசியில் பூந்தமல்லிப் பெண் என் காதோரம் வந்தாள்.

"மாடி மாடியாவே இருக்கட்டுமாம். ஆபீஸுக்கு வேற ரூம் பார்த்துக்கறாங்களாம்."

நான் லைப்ரரியன் இல்லையே. இரண்டு கையையும் தட்டி, "அப்படிச் சொல்லுங்க ஐயா" என்று எங்கள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

அறையில் இருந்த அத்தனை பேரும், பிள்ளைகள், பாய், தரையில் ஷூவோடு உட்கார்ந்திருந்த பிரின்சிபால், என் மருமகள் உட்பட, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"ஷ்ஷ்."

என்னை இந்த வயசு வரைக்கும் யாரும் வாயை மூடச் சொன்னது கிடையாது. சொல்லவும் விடமாட்டேன். அன்றைக்கு மட்டும் மூடிக்கொண்டு, ஜன்னலோரம் மணிபிளான்டுக்குப் பக்கத்தில், சிரிப்பை அடக்க முடியாமல் நின்றேன்.